துவக்கு வாங்கிய மகனுக்கு

தம்பி,

கடிதம் என்றால் "நாங்கள் இங்கே சுகம்" என்று தொடங்கவேண்டும் என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். முப்பது வருஷமாக அப்படியே தொடங்கி வந்திருக்கிறேன். காய்ச்சலோடு எழுதியபோதும் சுகம். கொழும்பில் வீடு எரிந்து ஆறாம் நாள், அகதி முகாமில் இருந்து உன் மாமாவுக்கு எழுதியபோதும் சுகம். இந்த ஒரு கடிதத்தில் அந்த வரியை விட்டுவிடுகிறேன். ஏன் என்பது முழுவதையும் படித்தால் உனக்கு விளங்கும். நீளமாகத்தான் வரும். உனக்கு நீளமான கடிதம் பிடிக்காது என்று தெரியும், பொறுத்துக்கொள்.

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. வேலையால் வந்து மழைக்கோட்டைக் கழற்ற முதலே குசினி மேசையில் இருந்து படித்தேன். அந்த மேசைக்கு நேரே, ஃபிரிட்ஜ் கதவில், நாங்கள் நியூசிலாந்தில் ஒக்லாந்துக்கு வந்த புதிதில் இந்த ஊர் இங்கிலிஷ் சொற்களை நீ எனக்காக எழுதி ஒட்டிய தாள் இன்னும் இருக்கிறது. டெய்ரி என்றால் பால் இல்லை, மூலைக்கடை. டீக்கு வா என்று கூப்பிட்டால் தேத்தண்ணி இல்லை, இராச்சாப்பாடு. வெறும் வயிற்றோடு போகவேண்டும் என்று அடைப்புக்குறிக்குள் வேறு எழுதியிருந்தாய். எழுத்து மங்கிவிட்டது. அந்தச் சொற்களெல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம். என்றாலும் தாளைக் கழற்ற மனம் வரவில்லை, கழற்றினால் நீ இன்னொரு முறை விமானம் ஏறிப் போனது போல இருக்கும். நீ அமெரிக்காவுக்குப் போய் இரண்டு வருஷமாகியும் நான் மூன்று பேருக்குத்தான் அரிசி போடுகிறேன். மிஞ்சும் சோற்றை அப்பா மறுநாள் வேலைக்குக் கட்டிக்கொண்டு போகிறார். ஏன் கூடப் போட்டாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கடிதத்தில் இருந்த படத்தை முதலில் பார்த்தேன். ஹூஸ்டனில் உங்கள் புது வீட்டு வாசலில் நீயும் வாணியும். அவளுக்கு ஆறு மாதம் என்பது சேலைக்கு மேலாகவே தெரிகிறது. முகம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, மீன் வாங்கிக் கொடு. பிறகு கடிதத்தைப் படித்தேன். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டை உடைத்துவிட்டார்கள், அதனால் ஒரு பிஸ்டல் வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்து மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன், பயப்படாதேங்கோ என்று எழுதியிருந்தாய். பயப்படவேண்டாம் என்று ஒரு வரி. அதற்குப் பிறகு இரண்டு பக்கம் நியாயம். இரண்டு பக்கம் நியாயம் எழுதுகிறவனுக்கு உள்ளுக்குள் ஏதோ இடிக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப் பிழைத்தபோதெல்லாம் நீ இப்படித்தான் நீட்டி எழுதுவாய்.

உன் நியாயங்களை நான் சும்மா தள்ளவில்லை, நாலு தரம் படித்தேன். உன் வேலையிடத்தில் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு நாளும் இதுதான் வாக்குவாதம் என்று எழுதியிருந்தாய். துவக்கு வைத்திருப்பது குடிமகனின் உரிமை, நாட்டின் அரசியலமைப்பிலேயே அது இருக்கிறது, அரசாங்கம் தந்ததல்ல என்பதால் அரசாங்கம் பறிக்கவும் முடியாது என்று ஒரு பக்கம். அந்த வரி ஊர்ப்படை திரட்டிய காலத்துக்கு எழுதினது, இப்போது கடைக்காரன் காசை வாங்கின கையோடு துவக்கைக் கொடுக்காமல், சில நாள் பொறுத்து, ஆளைப் பற்றி விசாரித்துக் கொடுக்கட்டும் என்று மற்றப் பக்கம். இன்றைக்குப் பொறுக்கச் சொல்லுவார்கள், நாளைக்குப் பதியச் சொல்லுவார்கள், மறுநாள் பறிக்க வருவார்கள் என்று முதல் பக்கத்தார் திருப்பிக் கேட்கிறார்களாம். நீ முதல் பக்கம். நீ இன்னும் அந்த நாட்டுக் குடிமகன்கூட இல்லை மகனே, உரிமை மட்டும் உனக்கு முந்தி வந்துவிட்டது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று உனக்குப் படிப்பித்தவள் நான். உன் வீட்டுக்கு முன்னால் புல் வெட்டாமல் முழங்கால் அளவு வளர்ந்திருப்பதைப் படத்தில் பார்த்தேன்.

சிரித்துவிட்டாயா? இனிச் சிரிக்க முடியாததுக்கு வருகிறேன். எண்பத்துமூன்று கலவரத்தில் அப்பாவிடம் ஒரு துவக்கு இருந்திருந்தால் எங்கள் வீடு எரிந்திருக்காது என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு நீயும் எங்களோடு பக்கத்து வீட்டுச் சாமான் அறைக்குள் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தாய், அதனால் உன்னிடம் நான் கதை விட முடியாது. வாசல் படலைக்கு வந்த கூட்டத்தை அந்த வீட்டுச் சிங்கள அம்மா தனியாக நின்று ஏசித் துரத்தினா. இங்கே ஒரு தமிழனும் இல்லை என்று தன் பிள்ளைகளின் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினா. அப்பாவின் கையில் துவக்கு இருந்திருந்தால் அவர் உள்ளே இருந்திருக்கமாட்டார். வெளியே வந்து சுட்டிருப்பார். ஒருவன் விழுந்திருப்பான். மற்றவர்கள் ஓடியிருப்பார்களா, இல்லை அந்த அம்மாவின் வீட்டையும் சேர்த்துக் கொளுத்தியிருப்பார்களா? எனக்குத் தெரியாது. ஆனால் அப்படி ஓர் அம்மா இல்லாத வீடுகளும் அந்தத் தெருவில் இருந்தன. அங்கே பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களிடம் போய், துவக்கு இல்லாமல் இருந்தது நல்லதுதான் என்று நான் சொல்லுவேனா? சொல்லமாட்டேன். இந்த இடத்தில் உனக்குக் கொடுக்க என்னிடம் முழுப் பதில் இல்லை. அதை ஒப்புக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

என்னை இந்தக் கடிதம் எழுதவைத்தது அந்த வரி இல்லை. அதற்கு அடுத்த பக்கத்தில், "நியூசிலாந்து மாதிரி, பொலிஸ் வந்து குசினிக்குள் இருந்து பெண்சாதியிடம் வீட்டு ரகசியம் கிண்டி விடுப்புக் கேட்கிற நாடு இல்லை இது" என்று பகிடியாக எழுதியிருக்கிறாயே, அந்த வரி. அந்தப் பொலிஸ்காரரை உனக்கு ஞாபகம் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நாங்கள் மாடி ஃபிளாட்டை விட்டு த்ரீ கிங்ஸில் இந்த வாடகை வீட்டுக்கு வந்த வருஷம் அது. கொழும்பில் கணக்காளராக இருந்த உன் அப்பா ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அதற்காக அவர் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் மாடி வீட்டில் இல்லாத ஒன்று இந்த வீட்டில் இருந்தது, படலை. சனிக்கிழமை பின்னேரங்களில் முன்னறையில் கதிரையைப் போட்டு அந்தப் படலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நீ நூலகத்தில் இருப்பாய், நான் பார்ப்பேன். ஒருநாள், கூட வேலைசெய்யும் ஒருவரின் தமையனுக்குத் தகனினிக்கு அப்பால் காணி இருக்கிறது, முயல் தொல்லையாம், நானும் துவக்குக்கு லைசென்ஸ் எடுக்கப்போகிறேன் என்றார். முயலாம். ஒரு கோழியை உரிக்கும்போது பக்கத்தில் நிற்கமாட்டாத மனிதர்! தன்னைப் பாதுகாக்க என்று எழுதினால் இந்த நாட்டில் தரமாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதனால் முயல் வந்தது.

லைசென்ஸ் கேட்டால் இங்கே பொலிஸ் வீட்டுக்கே வந்து விசாரிக்கும். அப்படி வந்த அந்தப் பொலிஸ்காரர் வயதானவர். எங்கள் செருப்புகளைப் பார்த்துவிட்டுத் தானும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். ஒரு காலுறையில் ஓட்டை. அப்பாவோடு கதைத்து முடித்ததும், மனைவியோடு தனியாகக் கதைக்கவேண்டும், நீங்கள் வெளியே நில்லுங்கள் என்றார். அப்பா பின்வளவில் போய்க் கைகட்டி நின்றார். எனக்கு இந்த ஊர் இங்கிலிஷ் பிடிபடாத காலம், அதனால் நீ மொழிபெயர்க்க இருந்தாய். உனக்கு அப்போது இருபத்தொரு வயது.

"அம்மா, அப்பாட்டத் துவக்கு இருந்தா உங்களுக்கு ஏதும் பயமோ எண்டு கேக்கிறார்" என்றாய் நீ.

நான் யன்னலால் அப்பாவின் முதுகைப் பார்த்தேன். "எங்கட வீட்டு ஆம்பிளையைப் பற்றி ஒரு வெளியாளிட்ட நான் என்னெண்டு தம்பி கதைக்கிறது? எனக்குப் பயம்தான். மனுசன் படலையைப் பாத்துக்கொண்டே இருக்கிறார். ஆனா நான் அப்பிடிச் சொன்னா அவருக்கு முகம் விழுந்துபோடும். ஒண்டும் இல்லையெண்டு சொல்லிவிடு."

நீ அவரிடம் ஒரே ஒரு சொல் சொன்னாய். இல்லை என்று. அவர் பேனையை நிறுத்தி, உன் அம்மா அதைவிடக் கனக்கக் கதைச்சது போல இருந்ததே என்று கேட்டார். தமிழ் அப்பிடித்தான், நீளமான பாஷை என்று நீ சிரித்தாய். அவரும் சிரித்துவிட்டுத் தாளில் ஒரு கோடு போட்டார். நானும் சிரித்தேன். மூன்று பேரும் சிரித்துக்கொண்டு அந்தத் துவக்கை வீட்டுக்குள் எடுத்தோம்.

உன்னில் நான் பிழை சொல்லவில்லை. வீட்டுக் கதையில் எது வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று உனக்குப் பால் கொடுத்த காலத்தில் இருந்து பழக்கினவள் நானே. ஆனால் ஒன்றை நீ அறியவேண்டும். எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. இந்த வயது வரைக்கும், உனக்குப் பயமா என்று என்னிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்காகப் பொறுத்திருந்தவர் அந்த ஓட்டைக் காலுறைக்காரர் ஒருவர்தான். என் அப்பா கேட்டதில்லை. உன் அப்பா கேட்டதில்லை. நீயும் கேட்டதில்லை. அவர் கேட்டார், நான் பொய் சொன்னேன். அதைத்தான் நீ விடுப்பு என்கிறாய்.

இனி உனக்குத் தெரியாத பகுதி. துவக்கு வந்தது, நீளமான ரைபிள். நடைபாதை அலுமாரியில் பூட்டி வைத்தார். அதன் பின்பக்கத்தில் முன்னும் பின்னும் இழுக்கிற ஓர் இரும்புத் துண்டு இருக்கிறது, போல்ட் என்பார்கள். அதைக் கழற்றினால் துவக்கு வெறும் குழாய். இரண்டையும் வேறுவேறு இடத்தில் வைக்கச் சொல்லிப் பொலிஸ்காரர் காட்டிக்கொடுத்திருந்தார், அப்பா போல்டைத் தன் வேட்டிகளுக்குக் கீழே லாச்சியில் வைத்தார். முதல் கிழமையே நான் அதை எடுத்து, பொலித்தீன் பையில் சுற்றி, மிளகாய்த்தூள் டின்னுக்குள் புதைத்துவிட்டேன். சனிக்கிழமைகளில் அவர் துவக்குக்கு எண்ணெய் போடுவார். அதனால் சனி காலையில் துடைத்துப் பழைய இடத்தில் வைப்பேன், அவர் போட்டு முடித்ததும் திரும்ப டின்னுக்குள். ஒரு தரம் எண்ணெய் போடும்போது அவருக்கு அடுக்கடுக்காகத் தும்மல். தடிமன் பிடிக்கப்போகிறது, மல்லி அவித்துக் குடியுங்கோ என்று சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னேன். வாரத்தில் ஆறு நாள் அந்தத் துவக்குக்கு உயிர் இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நவம்பர் ஐந்தாம் திகதி. ஒரு காலத்தில் இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு வெடிவைக்கப் பார்த்தவனின் பொம்மையை இங்கே வெள்ளைக்காரர் எரித்துப் பட்டாசு கொளுத்தும் நாள் என்பதெல்லாம் இப்போது எங்களுக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. முந்திய இரண்டு வருஷமும் மாடி வீட்டுப் படியில் ஒருவரும் ஏறி வரவில்லை. புதன்கிழமை, வெயில் நன்றாக இருந்த பின்னேரம். அப்பா காலை ஷிஃப்ட் முடித்து வந்திருந்தார், நீ நூலகத்தில். நான் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் பொட்டுப்பொட்டென்று வெடிச்சத்தம். பிறகு கூச்சல். பிறகு எங்கள் படலை திறந்த சத்தம். யன்னலால் பார்த்தால் ஏழெட்டுப் பேர் கத்திக்கொண்டு வருகிறார்கள், காற்சட்டையும் சேட்டும் போட்ட ஒரு மனிதனைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு. தலை தொங்குகிறது. ஒரு கண நேரம் எனக்கும் அது மனிதன்தான்.

அறைக்குள் லாச்சி இழுபட்டது. வேட்டிகள் விழுந்தன. "எங்க அது? எங்க அது?" அந்தக் குரலை நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் கேட்டிருக்கிறேன், தம்பி. தாச்சியை அப்படியே இறக்கிவிட்டு வடைத் தட்டோடு வெளியே ஓடினேன். கிட்டப் போன பிறகுதான் பார்த்தேன், எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். மனிதனின் தலை தலையணை உறை, அதில் பேனையால் மீசை. எரிக்கப்போகும் பொம்மையைக் காட்டிப் பட்டாசுக்குச் சில்லறை கேட்டுத்தான் வந்திருக்கிறார்கள். நான் ஆளுக்கொரு வடை கொடுத்தேன். ஊதி ஊதித் தின்றார்கள். திரும்பிப் பார்த்தேன். முன்னறைத் திரைக்கு நடுவில் துவக்கின் குழல் எங்களுக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். அப்படியிருந்தும் தட்டோடு பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்றேன். போல்டை நான் எடுக்காமல் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் ஒரு நாளில் பல தரம் நினைக்கிறேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அப்பா கெட்டவர் இல்லை, குடிகாரர் இல்லை, ஒரு சட்டத்தையும் மீறவில்லை. லைசென்ஸ் இருந்தது, பூட்டு இருந்தது. உன் சாப்பாட்டு மேசையில் சொல்லுகிறார்களே, ஒழுங்கான குடிமக்கள் என்று, அதில் முதல் ஆளாக நிற்கக்கூடியவர். பிள்ளைகள் போன பிறகு நான் உள்ளே வந்தேன். குசினித் தரையில் இருந்தார். துவக்கைத் தூரத் தள்ளி வைத்திருந்தார்.

"எங்க வைச்சிருக்கிறீர்?"

"மிளகாய்த்தூள் டின்னுக்குள்ள."

"எப்ப தொடக்கம்?"

"முதல் கிழமை தொடக்கம்."

"அவ்வளவு பயமெண்டா அந்தப் பொலிசிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றார். மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, தானே துவக்கையும் போல்டையும் கொண்டுபோய்ப் பொலிசில் ஒப்படைத்துவிட்டு வந்தார். உன்னிடம், முயல் பிடிக்க மனம் வரவில்லை, விட்டுவிட்டேன் என்று சொன்னார். நீ நம்பினாய்.

அன்றைக்கு அந்தப் பொம்மையின் இடதுகாலைப் பிடித்திருந்த பெண்பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் விட்டபின் த்ரீ கிங்ஸ் கடையில் காசு வாங்கும் இடத்தில் நிற்கிறாள். உயர்ந்துவிட்டாள். என்னைக் கண்டால், அந்தப் பருப்பு டோனட் எப்போது சுடுவீர்கள் என்று கேட்பாள். நான் வரிசை நீளமாக இருந்தாலும் அவளிடம்தான் போய் நிற்பேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. உரிமையைப் பற்றி எனக்கு இருக்கிற அறிவெல்லாம் அவ்வளவுதான், தம்பி. அப்பாவுக்கு ஓர் உரிமை இருந்தது என்றால், வடையை ஊதித் தின்றுகொண்டு படலைக்குள் நிற்க அவளுக்கும் ஓர் உரிமை இருந்தது. இரண்டுக்கும் நடுவில் அன்றைக்கு இருந்தது சட்டமும் இல்லை, லைசென்சும் இல்லை. ஒரு டின் மூடி.

இதை எழுதி முடித்து அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். ஒன்றையும் வெட்டச் சொல்லவில்லை. "தரையில இருந்து அழுதனான் எண்டதையும் எழுதும். அவனுக்குத் தெரியட்டும்" என்றார். எழுதிவிட்டேன்.

இனி வாணி. அவள் யாழ்ப்பாணத்தில் இருந்து உன்னிடம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அங்கே அவளுக்குத் துவக்குச் சத்தம் எப்படிப் பழக்கம் என்று நீ ஒருநாளாவது கேட்டாயா? கடையிலும் டொக்டரிடமும் அவளுக்காக நீதான் இங்கிலிஷ் கதைக்கிறாய். அவள் எனக்கு மாதம் ஒரு கடிதம் போடுகிறாள், நல்ல கையெழுத்து. எல்லாம் சுகம் மாமி, ஒரு குறையும் இல்லை மாமி. பிஸ்டல் வாங்கிய மாதமும் அப்படியே எழுதியிருக்கிறாள். அந்த லாச்சியைப் பற்றி ஒரு சொல் இல்லை. நீ ஓடிப்போய், வாணி, உனக்குப் பயமா என்று கேட்பாய், அவள் இல்லை என்பாள், நீ எனக்கு அதை எழுதுவாய். அதனால் நீ கேட்கவேண்டாம்.

எனக்கு விசா வந்துவிட்டது. பேறுக்கு ஒரு கிழமை முந்தி வருவதாக இருந்தேன், இப்போது ஒன்றரை மாதம் முந்தி வருகிறேன். உன்னைப் பார்க்கவேண்டும் என்ற ஆசையும் அதில் பாதி, மறைக்கமாட்டேன். விமான நிலையத்தில் உன் தோளை எட்டிப் பிடிக்க முடியுமா என்று இப்போதே கணக்குப் பார்க்கிறேன். ஆனால் வந்த முதல் நாளே உன்னிடம் ஒன்று கேட்பேன். நீ வெளியே போய், முழங்கால் அளவு புல்லை வெட்டிக்கொண்டு நில். குசினியில் நானும் அவளும் இருப்போம். நான் கேட்பேன், பதில் வரும் வரைக்கும் பொறுத்திருப்பேன். பிறகு உன்னைக் கூப்பிட்டு, அவள் சொன்னதில் ஒரு சொல்லையும் விடாமல் உனக்குச் சொல்லுவேன்.

அம்மா